எந்த குரூப் கிடைச்சிருக்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து தருமபுரி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே கேள்விதான். கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர் கேட்பார், டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார்: "எந்த குரூப் கிடைச்சிருக்கு?"

பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் இந்த மாவட்டமே தெரியும். பெங்களூரில் கட்டட வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு இரவு பஸ் பிடித்து வந்த அப்பா. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் இருக்க, பேத்தியின் கையைப் பிடித்து வந்த பாட்டி. மடியில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் மதிப்பெண் பட்டியலின் நகல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாங்க் புத்தகம். முறை வந்ததும் பெரும்பாலான பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: "நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்க சார்."

ஆசிரியர் பார்ப்பது முதலில் கணக்கு மதிப்பெண்ணை, அப்புறம் அறிவியலை. அதன் பிறகு, அந்தப் பள்ளியில் இருக்கிற குரூப்களில் எதில் இடம் மிச்சம் என்று. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை இன்ஜினீயரிங் போக முடியுமா, நர்சிங் படிக்க முடியுமா, வேளாண் கல்லூரி வாசலை மிதிக்க முடியுமா என்பதில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்று இருக்கிற வாய்ப்புகளைப் பட்டியலிட்டால் பக்கங்கள் போதாது. மருத்துவத்தில் உள் ஒதுக்கீடு, மாதம் ஆயிரம் ரூபாய், நான் முதல்வன் திறன் பயிற்சி, மாதிரிப் பள்ளி, விதவிதமான திறனறித் தேர்வுகள். எல்லாமே நல்லவை. ஆனால் அவற்றில் பெரியவை ஏறக்குறைய எல்லாம் இந்த பெஞ்சைத் தாண்டிய பிறகே வருகின்றன. பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அவை ஒரு பிள்ளையின் கைக்கு எட்டும். தருமபுரியில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த குரூப் எங்கே கொண்டுபோகும்?

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-79இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பிளஸ் ஒன் சேர்க்கையின் அடிப்படைக் கணக்கு பெரிதாக மாறவில்லை. கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் சேர்ந்தால் பயோ மேத்ஸ். மருத்துவம், பொறியியல், வேளாண்மை எல்லாப் பக்கமும் வழி திறந்திருக்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் என்றால் மருத்துவமும் வேளாண்மையும் போய்விடும், பொறியியல் நிற்கும். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் எடுப்பதைப் பியூர் சயின்ஸ் என்பார்கள். நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கு நல்ல வழி. ஆனால் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. கணிதம் படிக்காத பிள்ளைக்கு அந்த வரிசையிலேயே இடம் கிடையாது. அடுத்து வணிகவியல், கணக்குப்பதிவியல் கொண்ட அக்கவுண்ட்ஸ் குரூப். வரலாறு, பொருளியல் கொண்ட கலைப் பிரிவு. கடைசியாகத் தொழிற்கல்விப் பிரிவு.

நகரத்துக்குள் அதியமான் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, அவ்வையார் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி போன்ற பெரிய பள்ளிகளில் இந்த வரிசை நீளமானது. மாணவருக்குத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. பென்னாகரத்துக்கு அப்பாலும், அரூருக்குக் கிழக்கே மலையடிவாரத்திலும், பாலக்கோட்டைத் தாண்டிக் கர்நாடக எல்லையை ஒட்டியும் போகப் போக வரிசை சுருங்கும். வேறு குரூப் வேண்டுமென்றால் அடுத்த ஊர்ப் பள்ளி. இலவச பஸ் பாஸ் உண்டு, பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிளும் உண்டு. ஆனால் மாலை சிறப்பு வகுப்பு முடிந்தபின் ஊருக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் ஒரு கேள்வி. பெண் பிள்ளை வீட்டில் அதுதான் முதல் கேள்வி. கணக்கில் 90 எடுத்த பெண், பக்கத்துப் பள்ளியில் இருக்கிற கலைப் பிரிவிலேயே சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி இடம் தருமபுரிக்கு, 68.54 சதவீதம். முதலிடத்தில் இருந்த கன்னியாகுமரிக்கும் இதற்கும் இடையே இருபத்துமூன்று புள்ளி தூரம். அன்று கணக்கில் எழுத்தறியாதவர்களாகப் பதிவானவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் குரூப் பற்றி யோசனை சொல்ல ஆள் கிடையாது. சொல்ல வேண்டியவர் ஆசிரியர் மட்டுமே.

பள்ளி எத்தனை தூரத்தில் இருக்கலாம் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் வயது இருநூறு. இந்தப் பகுதி அடங்கிய அன்றைய பாராமகால் நிர்வாகத்தில் 1792 முதல் 1799 வரை பணியாற்றித் தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோ, பிறகு சென்னை மாகாண ஆளுநரானார். 1822இல் மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் வட்டத்துக்கொரு பள்ளி வேண்டும் என்று குறிப்பு எழுதினார். மறு ஆண்டே காலராவில் இறந்துபோனார். இன்று உயர்நிலைக் கல்வி கிராமம் வரை வந்துவிட்டது. எல்லா குரூப்களோடும் ஒரு பள்ளி என்று பார்த்தால், நம் கணக்கு இன்னும் வட்டத்தை விட்டு அதிகம் இறங்கவில்லை.

ஏழரை சதவீதம்

நீட் 2017இல் தமிழ்நாட்டில் கட்டாயமான பிறகு அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களை ஆண்டுதோறும் விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை வந்தது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2020இல் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம். முதல் ஆண்டிலேயே எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தருமபுரிப் பிள்ளைக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தருமபுரிக்கே வந்துவிட்டது. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி 2013இல் தொடங்கியது. அரசு சட்டக் கல்லூரி 2017இல் வந்தது. அரசுக் கலைக் கல்லூரிக்கோ மாவட்டத்தின் வயது. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த அதே 1965. கல்லூரி கண்ணெதிரே இருக்கிறது, இடம் ஒதுக்கியாயிற்று, கட்டணமும் இல்லை. இதற்குப் பிறகும் ஒரு பிள்ளை அங்கே போக முடியவில்லை என்றால், தடை பிளஸ் ஒன் சேர்க்கை அறையில்தான் இருந்திருக்கும்.

அல்லது பிளஸ் ஒன் வகுப்பறையில். நீட், ஜேஇஇ இரண்டிலும் கேள்விகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு பாடங்களிலிருந்தும் வரும். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்ததால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கை வெளியான 2025இல் அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொதுத்தேர்வு இல்லாத ஆண்டைப் பள்ளிகள் ஓய்வு ஆண்டாக நடத்தினால் நட்டம் தனிப் பயிற்சிக்குப் போகும் வசதியுள்ள பிள்ளைக்கு இல்லை.

பெண் பிள்ளைகள்

இந்த மாவட்டத்தில் பெண் கல்வியைப் பற்றிப் பேசும்போது பழைய கணக்கை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. பெண் சிசுவைக் காப்பாற்றுவதற்கே அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த ஊர் இது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். 2011இல் அது 913 ஆனது. தப்பிப் பிழைத்த அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு அடுத்த கண்டம் பதினாறு, பதினேழு வயதில் வரும் கல்யாணப் பேச்சு. பத்தாவதோ பிளஸ் டூவோ முடிந்த கோடை விடுமுறையில்தான் அது சூடு பிடிக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு பெண் வரவில்லை என்றால் வகுப்பாசிரியைக்குக் காரணம் தெரியும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. புதுமைப் பெண் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழும். 2024இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. கல்யாணத்துக்கென்று தந்த பணத்தைப் படிப்புக்கென்று திருப்பியது தருமபுரி போன்ற மாவட்டத்தில் மிகப் பெரிய காரியம் என்பேன். "இன்னும் மூணு வருஷம் போகட்டும்" என்று வீட்டில் வாதாடும் பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பிடிமானம்.

இன்னொரு இழுப்பும் இருக்கிறது. ஓசூர் பக்கத்துக் கைபேசி உதிரிபாக ஆலைகள் பிளஸ் டூ முடித்த பெண்களை வேலைக்கு எடுக்கின்றன. பதினெட்டு வயதில் கையில் சம்பளம், தங்க விடுதி. கல்யாணத்தைத் தள்ளிப்போட அதுவும் ஒரு வழி என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நல்ல மதிப்பெண்ணோடு அங்கே போகிற பெண்ணுக்கு, அதே மாதத்தில் கல்லூரி விண்ணப்பமும் கையில் இருந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடித்து நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் இதற்காகத்தான். முகாமுக்கு வராத வீட்டுக் கதவைத் தட்டுவது பள்ளி ஆசிரியர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேதி தெரிந்தவருக்கே உதவித்தொகை

திறனறித் தேர்வுகளில் பணமும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000, நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு ஆயிரம்தான். இன்றைய விலைவாசிக்கு அதை உயர்த்தாமல் வைத்திருப்பது நியாயமில்லை. பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எழுதித் தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு. அதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. அதே வகுப்பில் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, ஆயிரம் பேருக்குப் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000.

ஒரு வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வாகிறவர்கள் பத்துப் பேரா, ஒருவரும் இல்லையா என்பது பிள்ளைகளின் புத்தியைப் பொறுத்தது அல்ல. அந்தப் பள்ளியில் விண்ணப்பத் தேதியை நினைவு வைத்து, காலை எட்டரை மணிக்கு வந்து பழைய வினாத்தாளைப் போட்டுத்தரும் ஒரு ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

மாதிரிப் பள்ளியும் மற்றப் பள்ளிகளும்

மாவட்டத்துக்கு ஒன்று என 38 அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. தருமபுரிக்கும் உண்டு. பல ஊர் அரசுப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகள் விடுதியில் தங்கி, பாடத்தோடு ஜேஇஇ, நீட், சட்டம், வடிவமைப்பு என்று தேசிய நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகிறார்கள். ஐஐடி, என்ஐடி என்று நம் பிள்ளைகள் போகிற செய்திகளுக்குப் பின்னால் இந்தப் பள்ளிகள் இருக்கின்றன. அதற்காக முழு மனதோடு கைதட்டலாம்.

ஆனால் ஊர்ப் பள்ளியின் பக்கமிருந்து பாருங்கள். நன்றாகப் படிக்கிற ஐந்து பேர் மாதிரிப் பள்ளிக்குப் போனால், பயோ மேத்ஸ் குரூப்பில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமே கேள்விக்குள்ளாகிறது. அதுவரை அந்த ஐவரைப் பார்த்துப் படித்த நடுத்தரப் பிள்ளைகளுக்குப் போட்டிக்கும் ஆளில்லை, சந்தேகம் கேட்கவும் ஆளில்லை. மாதிரிப் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே தருகிற பயிற்சித் தாள்களும் பாடக் காணொளிகளும் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள எல்லா மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அதே வாரத்தில் போய்ச் சேர வேண்டும் என்கிறேன்.

மலைப் பிள்ளைகளுக்கும் அவை போய்ச் சேர வேண்டும். சித்தேரி மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் போன படங்களை நாம் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். அந்தப் பாதையில்தான் பிள்ளைகளும் இறங்கிப் படிக்க வர வேண்டியிருந்தது. 2025இல் சேலம் மாவட்டம் கருமந்துறை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பழங்குடி மாணவி சென்னை ஐஐடியில் இடம் பெற்றார். கருமந்துறையும் மலை, சித்தேரியும் மலை. இரண்டிலும் ஒரே மக்கள்.

தக்காளி விளைகிற ஊரில் வேளாண் பிரிவு

தொழிற்கல்விப் பிரிவை மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாக நடத்துவது நெடுநாள் பழக்கம். வேளாண் அறிவியல், செவிலியம், அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், ஆடை வடிவமைப்பு என்று அதற்குள் இருப்பவை எல்லாம் வேலை தரும் படிப்புகள். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு 2 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேளாண் பல்கலைக்கழகத்திலும் தனி இடங்கள் உண்டு. பாலக்கோட்டில் தக்காளி மண்டி, தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம். இத்தனையும் இருக்கிற மாவட்டத்தில் வேளாண் பிரிவுதான் பள்ளியின் பெருமையாக இருந்திருக்க வேண்டும். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல் பிரிவே மூடிப்போவது பல பள்ளிகளின் கதை.

அறிவியல் குரூப்பிலும் இதே சிக்கல்தான். முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியானால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 18,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியரை வைத்துக்கொள்ள அனுமதி வரும். அனுமதி வந்து, ஆள் கிடைத்து, அவர் இயற்பியலின் முதல் பாடத்தைத் தொடங்கும்போது காலாண்டுத் தேர்வு பக்கத்தில் வந்திருக்கும். நகரத்தை விட்டு எட்ட இருக்கிற பள்ளிக்கு அந்தச் சம்பளத்தில் ஆள் கிடைப்பதே அரிது.

குரூப் தப்பிப்போன பிள்ளைகளும் மனம் தளர வேண்டியதில்லை. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். சி.ஏ.வுக்கும் அப்படியே. சென்னை ஐஐடி 2020 முதல் நடத்தும் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் வரலாறு குரூப் மாணவியும் விண்ணப்பிக்கலாம். சில வாரப் பாடம், அதன் மீது ஒரு தகுதித் தேர்வு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. கலைப் பிரிவு மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது முதலில் நம்பமாட்டார்கள். ஏரியூரிலும் கடத்தூரிலும் இருக்கிற பிளஸ் டூ கலைப் பிரிவு வகுப்பறைச் சுவரில் இந்தத் தகவலை எழுதி ஒட்டவேண்டும்.

இனி, சட்டத்தில் திருத்த வேண்டிய ஓர் இடம். 7.5 சதவீதத்துக்கும் புதுமைப் பெண்ணுக்கும் ஆறு முதல் பிளஸ் டூ வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தருமபுரியில் மழை பொய்த்தால் குடும்பமே பெங்களூர் போகும். ஏழாம் வகுப்பு ஓராண்டு அங்கே கர்நாடக அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பாட்டி வீட்டுக்குத் திரும்பி வந்து எட்டாவதில் சேரும் பிள்ளைகள் உண்டு. ஆறு ஆண்டு இங்கே அரசுப் பள்ளியில் படித்தும் அந்த ஓராண்டு அவர்களைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. இலவச, கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. பிழைப்புக்காக இடம்பெயர்ந்த கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே விலக்கைச் சட்டமன்றம் ஒரு திருத்தத்தில் தர முடியும். தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஐந்து தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் சேர்ந்து அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேட்க வேண்டும்.